மூன்றாவது கியரில் ஒரு தட்டல்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நெடுமங்காட்டு டீக்கடை வாசலில் நின்ற பத்துப் பேரும் என் தங்கைக்குப் பெரிய விபத்து ஏதோ நடந்துவிட்டதாகவே முடிவு கட்டினார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. ரிக்கவரி வேனின் முதுகில் ஒரு வெள்ளைக் காரைச் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறது. முன் சீட்டில் தூக்கம் இல்லாமல் கண் சிவந்த ஒரு பெண். அவளுக்குப் பக்கத்தில், லேப்டாப்பைப் பச்சைக் குழந்தை மாதிரி மடியில் அணைத்தபடி உதடு முணுமுணுக்கும் ஒரு குண்டு ஆசாமி. பார்க்கிறவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

ஒரு பெரியவர் டீ கிளாஸோடு ஜன்னலருகே வந்து, யாருக்கும் அடி படவில்லையே என்று மலையாளத்தில் மெல்லக் கேட்டார். "ஆளுக்கு ஒண்ணும் பற்றியில்லல்லோ மோளே?"

"இதுவரைக்கும் இல்ல மாமா. பதினோரு மணிக்கு மேலதான் தெரியும்," என்றாள் சுஜா.

பெரியவர் அதற்கப்புறம் டீ குடிக்கவில்லை.

அந்தக் குண்டு ஆசாமி நான்தான். லிங்கராஜ். திருவனந்தபுரம் சாலை பஜாரில் எவர்சில்வர் பாத்திரக் கடை. நான் முணுமுணுத்தது மந்திரம் இல்லை. வண்டி வளைவில் திரும்பினால் எனக்குக் குமட்டும். அதை அடக்க வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு வருவேன். நெடுமங்காட்டுக்கே பதினாறாம் வாய்ப்பாடு ஆகிவிட்டது. நாங்கள் போக வேண்டிய விதுராவுக்கு இன்னும் எத்தனை வளைவோ.

விட்ட இடத்தை இரண்டு வரியில் பிடித்துவிடலாம். கைமனத்தில் ஐஸ் ஃபேக்டரியாக இருந்த ஒரு கொட்டகையில் என் ஒரே தங்கை சுஜா கார் பட்டறை நடத்துகிறாள். சாதாரணப் பட்டறை இல்லை. டர்போ வைத்த ஜப்பான் கார்களின் மூளையைத் திறந்து, எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு காற்று, எப்போது நெருப்பு என்று எல்லாவற்றையும் திருத்தி எழுதுகிறவள். ட்யூனர் என்பார்கள். நாலு மாதமாக அவள் கையில் இருப்பது பத்மகுமார் சாரின் மிட்சுபிஷி ஈவோ.

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து எலிசாள் அக்கா போன் செய்தார். இருபது வருஷம் ராலி ஓட்டியவர், இப்போது சொந்தமாக டீம் வைத்திருக்கிறார். டீமுக்கு ஒரு ட்யூனர் வேண்டும். மூன்று ஆம்பிளைகளைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். "ஞாயித்துக்கிழமை அந்த வண்டியக் காட்டு. நேர் ரோட்டுல ஓட்டிப் பாக்கேன். பிடிச்சா பிடிச்சது," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பாலிடெக்னிக்கில் ஒரே பெண்ணாக உட்கார்ந்திருந்த நாளிலிருந்து சுஜா காத்திருந்த போன் அது. வண்டி ஓடினால் ஒரு வாசல் திறக்கும். எலிசாள் அக்காவின் கண்முன்னால் எஞ்சின் உடைந்தால், கன்னியாகுமரி முதல் கோயம்புத்தூர் வரைக்கும் ஒருத்தரும் அவளை ஒரு பானெட்டைத் தொடவிட மாட்டார்கள்.

"அண்ணே, வாயத் தொறந்து சொல்லேன். பதினாறெட்டு எவ்வளவு?" என்றாள்.

"நூத்தி இருபத்தெட்டு. பேச்சுக் குடுக்காத. வந்துரும்."

"லேப்டாப்பு மேல மட்டும் வந்துரக்கூடாது, பாத்துக்க."

ரிக்கவரி வேன் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கார் ரோட்டில் சொந்தக் காலில் ஓடக்கூடாது. அதன் சைலன்ஸர் போடும் சத்தத்துக்கு, கிள்ளிப்பாலம் தாண்டுவதற்குள் மோட்டார் வாகனத் துறைக்காரர்கள் மாலை போட்டு வரவேற்பார்கள். மூடிய பாதையில் மட்டும்தான் அதற்கு வாழ்வு.

எங்களுக்குப் பின்னால், கடை ஓம்னியை ஓட்டிக்கொண்டு என் மனைவி செண்பகவல்லி வந்துகொண்டிருந்தாள். ஓம்னிக்குள் புட்டு, கடலைக்கறி, சுஜாவின் டூல்ஸ் பெட்டி, எனக்காக ஒரு பிளாஸ்டிக் பக்கெட்.

*

விதுராவுக்கு அப்பால் ஒரு ரப்பர் எஸ்டேட். பத்மகுமார் சாரின் மச்சினர் அங்கே மேனேஜர். ஃபேக்டரி வாசலிலிருந்து கேட் வரைக்கும் எழுநூறு மீட்டர் நேர் ரோடு, புதிதாகத் தார் போட்டது. ஞாயிற்றுக்கிழமை, ஃபேக்டரி லீவு. இரண்டு பக்கமும் கேட்டை அடைத்து, கேட்டுக்கு ஒரு வாட்ச்மேனை விசிலோடு நிறுத்தியிருந்தார்கள்.

பத்மகுமார் சார் வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. இருபது வருஷம் அபுதாபியில் இருந்தவர். நல்ல மனுஷர். வாட்ஸ்அப் குரூப் மட்டும் இல்லாமல் இருந்தால் இன்னும் நல்ல மனுஷராக இருப்பார்.

"லிங்கராஜே, ஞான் குரூப்பில் இட்டு கேட்டோ. ஃபோர் ஹண்ட்ரட் ஹார்ஸ்பவர்!"

"ஓட்டிப் பாக்குறதுக்கு முன்னாலயா சார்?"

"சஸ்பென்ஸ் வைக்கான் பற்றுமோ?" அவரால் பொறுக்க முடியாதாம்.

எலிசாள் அக்கா ஒரு ரப்பர் மரத்து நிழலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து மட்டி வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். மார்த்தாண்டத்துக்காரர். வயது ஐம்பதுக்கு மேல். கழுத்தில் ஸ்டாப் வாட்ச். எப்போதோ ஒடிந்து கோணலாகச் சேர்ந்த இடது மணிக்கட்டு. நான் வணக்கம் சொன்னேன். ஒரு பழத்தை நீட்டினார். என் வயிறு இருந்த இருப்பில் அதை வாங்கியதே எனக்கு வீரச் செயல்.

சுஜா ஹெல்மெட்டை மாட்டினாள். "அண்ணே, ஏறு. லேப்டாப்ப நீ பிடிச்சுக்க."

"நானா? மைனிய ஏத்திக்கோயேன்," என்று செண்பகவல்லியைக் காட்டினேன்.

"மைனி கத்தமாட்டா. ஆனா லேப்டாப்பப் பாக்காம ரோட்டப் பாப்பா. நீ கண்ண மூடிக்குவ. அதுதான் எனக்கு வேணும். அசையாம ஒரு ஸ்டாண்டு."

பட்டறை மொழியில் என் பதவி அதுதான். ஸ்டாண்டு.

டர்போ என்றால் என்ன என்று எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். எஞ்சின் வெளியே விடுகிற புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றுகிறது. அந்தச் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள்ளேயே திருப்பி ஊட்டுகிறது. நிறையக் காற்று, நிறையப் பெட்ரோல், நிறைய ஆவேசம். செண்பகவல்லி கோபத்தில் விடும் மூச்சில் நான் சுழன்று கடைக்கு ஓடி, அந்த வியாபாரத்தில் அவளுக்கு இன்னும் தெம்பு வருகிற மாதிரி.

இரண்டாவது கியர். மூன்றாவது. சுஜா மிதித்தாள்.

முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் எங்கேயோ ஒரு விசில், பிரஷர் குக்கர் சத்தம் போடுவதற்கு முன்னால் மூச்சிழுக்குமே அந்த மாதிரி. அப்புறம் என் முதுகு சீட்டுக்குள் போயிற்று. வயிறு முதுகுக்குப் போயிற்று. குமட்டல் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. கண்ணை மூட மறந்துவிட்டேன். ரப்பர் மரங்கள் இரண்டு பச்சைச் சுவர்களாக ஒட்டிக்கொண்டன. "அம்மாடி!" என்று ஒரு குரல் கேட்டது. என்னுடையதுதான். அதில் சந்தோஷம் இருந்தது!

எஞ்சின் நிமிஷத்துக்குச் சரியாக நாலாயிரத்து ஐந்நூறு சுற்றுச் சுற்றும்போது, யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி வண்டி தொய்ந்தது.

சுஜா காலை எடுத்தாள். லேப்டாப் திரையில் பச்சையாக ஓடிய ஒரு கோடு சிவப்பாகியிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு எண். பதினாலு.

"என்னது பதினாலு?"

அவள் வண்டியை ஃபேக்டரி வாசலுக்குத் திருப்பினாள்.

*

பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் செண்பகவல்லிக்குச் சொன்னாள். எனக்கும் அதைக் கேட்டுத்தான் புரிந்தது.

பெட்ரோல் சொன்ன நேரத்தில் எரிந்தால் பிஸ்டனைத் தள்ளும். நேரம் தப்பித் தானாக வெடித்தால் சுத்தியலால் அடிக்கும். அதற்குப் பெயர் நாக். பத்து அடி தாங்கும், நூறு அடி தாங்கும், அப்புறம் ஒரு நாள் பிஸ்டனில் ஓட்டை. அதனால் எஞ்சின் உடம்பில் ஒரு காது வைத்திருக்கிறார்கள், நாக் சென்ஸர். அந்தக் காதுக்கு அடிச் சத்தம் கேட்டால் வண்டியின் மூளை பயந்து வேகத்தைக் குறைத்துவிடும்.

"அப்போ இப்ப பதினாலு அடி விழுந்திருக்கா பிள்ள?" என்றாள் செண்பகவல்லி.

"காதுக்குக் கேட்டிருக்கு மைனி. நெசமா விழுந்துச்சான்னு தெரியல. நேத்து பட்டறையில பத்து வாட்டி பாத்தேன். ஒண்ணுகூட இல்ல."

"பெட்ரோலு சரியில்லியோ?"

"நேத்து போட்ட அதே பெட்ரோலுதான்."

பத்மகுமார் சார் குனிந்து, குரலைத் தாழ்த்தினார். "சுஜே, ஆ காது அங்ஙு அடைச்சாப் போரே?"

அந்தக் காதை அடைத்துவிட முடியும். எனக்குத் தெரியாது, ஆனால் சுஜாவின் முகத்தைப் பார்த்ததும் முடியும் என்று தெரிந்தது. லேப்டாப்பில் ஒரு கட்டத்தில் ஒரு டிக். அவ்வளவுதான். மூளைக்கு எதுவும் கேட்காது. வண்டி ஏழாயிரம் வரைக்கும் பறக்கும். எலிசாள் அக்கா கைதட்டுவார். அடி நிஜமாக இருந்தால் இரண்டாவது ஓட்டத்திலோ மூன்றாவது ஓட்டத்திலோ எஞ்சின் வாயைப் பிளக்கும்.

மாறாக, எதற்கும் இருக்கட்டும் என்று டர்போ ஊட்டும் காற்றை, அதாவது பூஸ்ட்டைக் குறைத்தால் வண்டி பத்திரம். ஆனால் ஓட்டத்தில் ஒரு நல்ல குடும்பத்துக் காராக இருக்கும். அதைப் பார்க்க எலிசாள் அக்கா கோயம்புத்தூரிலிருந்து வரவில்லை.

சுஜாவின் விரல் அந்தக் கட்டத்தின் மேல் நின்றது.

விரலை எடுத்தாள். "கேட்டுப் பாத்துருவோம்," என்றாள்.

டூல்ஸ் பெட்டியிலிருந்து ஒரு சாண் நீளச் செம்புக் குழாயை எடுத்தாள். ஒரு முனை தட்டையாக அடித்து ஓட்டை போட்டது. அதை எஞ்சினில் போல்ட் போட்டு இறுக்கினாள். மறுமுனையில் நீளமான ரப்பர் குழாய். ரப்பர் குழாயின் நுனியில் டாக்டர்கள் கழுத்தில் போடும் ஸ்டெதாஸ்கோப்பின் காதுப் பகுதி.

"ஓட்டிக்கிட்டே என்னால கேக்க முடியாது. இன்னொரு காது வேணும்."

யாரும் யோசிப்பதற்குள் செண்பகவல்லி சொன்னாள்: "இந்த மனுசனப் போடு. ஒடம்புல ஒழுங்கா வேல செய்யிறது அது ஒண்ணுதான்."

பாராட்டுத்தான். எங்கள் வீட்டில் அது அப்படித்தான் வரும்.

அவள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக விரல் முட்டியால் பாத்திரங்களைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். முப்பது டம்ளர் அடுக்கில் எந்த டம்ளரின் அடி விரிசல் என்று பார்க்காமல் சொல்வேன். குடத்தின் கழுத்தில் ஒட்டு போட்டிருந்தால் சொல்வேன். வீட்டில் செண்பகவல்லி தட்டை வைக்கும் சத்தத்தில் அன்றைய நிலவரம் என்ன என்றும் சொல்வேன்.

*

இரண்டாவது ஓட்டம். முழுசாக மிதிக்காமல், பாதிக்கு மேல் கொஞ்சம்.

எஞ்சினுக்குள் ஒரு சந்தை நடக்கிறது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. டிக்டிக்கென்று பெட்ரோல் தெளிக்கும் ஊசிகள், ஒரு சங்கிலியின் சரசரப்பு, அடியில் கடல் மாதிரி ஒரு இரைச்சல், எல்லாவற்றுக்கும் மேலே அந்த விசில். ஒவ்வொன்றையும் பிரித்துக் கேட்க முடிந்தது. எனக்கே ஆச்சரியம்.

மூவாயிரம். நாலாயிரம்.

நாலாயிரத்து ஐந்நூறில் வந்தது. "ச்ரங்ங்..."

அது சுத்தியல் இல்லை. அது தகரம். தகரத்திலும் எந்தத் தகரம் என்று எனக்குத் தெரியும். கனம் எவ்வளவு என்று தெரியும். அலமாரியில் எந்தத் தட்டில் இருந்தது என்றும் தெரியும். என் கடைத் தகடு.

இரண்டு மாதத்துக்கு முன்னால் சுஜா கேட்டாள்: "அண்ணே, டர்போவுக்கு மேல மூடி போடணும். சூடு மத்ததுல ஏறாம இருக்க. ஒரு மில்லி கனத்துல ஸ்டீல் தகடு குடு." ஒரு மில்லித் தகடு இருந்தது. மங்கல், பார்க்கச் சகிக்காது. பக்கத்திலேயே அரை மில்லி. கண்ணாடி மாதிரி, முகம் பார்த்து மீசை ஒதுக்கலாம். தங்கச்சி வண்டி, நாலு பேர் பானெட்டைத் திறந்து பார்க்கிற இடம். மூடிதானே, சாம்பாரா கொதிக்கப்போகிறது என்று அரை மில்லியையே வெட்டி வளைத்துக் கொடுத்துவிட்டேன். கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், "பளபளப்பப் பாக்காதீங்க, கனத்தப் பாருங்க" என்று தொண்டை வறளச் சொல்கிறவன் நான்.

குளிர்ந்திருக்கும்போது அது சாது. ரோட்டில் முழுச் சூடு ஏறியதும் வயிறு உப்பி, எஞ்சினோடு சேர்ந்து சலங்கை கட்டி ஆடுகிறது. அந்தக் காது அதைத்தான் அடி என்று எண்ணியிருக்கிறது. பதினாலு அடியும் என் அடி.

வண்டியைத் திருப்பி மெதுவாக ஃபேக்டரி பக்கம் வந்துகொண்டிருந்தாள். "என்ன கேட்டுது?"

பதில் சொல்ல எழுநூறு மீட்டர் இருக்கிறது. சொல்லாவிட்டால் எஞ்சின் மேல் சந்தேகம் நிற்கும். அவள் பூஸ்ட்டைக் குறைப்பாள், வாசல் மூடும். சொன்னால், பாத்திரக் கடைத் தகட்டை அளந்துகூடப் பார்க்காமல் வண்டியில் மாட்டியவள் என்று எலிசாள் அக்கா எழுந்து போய்விடலாம். எப்படிப் போனாலும் என்னால்தான்.

"அண்ணே, என்ன கேட்டுதுன்னு கேக்கேன்."

"அந்த மூடித் தகடு," என்றேன். "நான் குடுத்தது."

"ஒரு மில்லி ஆடாதே."

"அரை."

பிரேக் போட்டாள். ரோட்டின் நடுவில் நின்றோம். ஹெல்மெட்டுக்குள் கண் மட்டும் தெரிந்தது. அவள் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"எல்லாத்தையும் அளந்தேன். ஒவ்வொரு போல்ட்டையும் அளந்தேன். இத மட்டும் அளக்கல. நீ குடுத்ததுன்னு..." என்று நிறுத்தினாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பி ரப்பர் மரங்களை எண்ணினேன்.

"நெசமா தகரந்தானா? உள்ள வேற எதுவும் கேக்கலியே?"

"சத்தியமா தகரம். வேற எதுவும் இல்ல."

"அப்போ எஞ்சின் நல்லாருக்கு!" என்று என் தோளில் ஒரு குத்து விட்டாள். அந்தக் குத்துக்கு எத்தனை ஹார்ஸ்பவர் என்று அளந்திருக்கலாம். "அண்ணே, எஞ்சின் நல்லாருக்கு!"

*

நேராக எலிசாள் அக்காவிடம் போய் நின்றாள். "அக்கா, ஒரு மூடித் தகடு கனம் கம்மி. சூட்டுல அதிருது. மாட்டுன நான் அளந்து பாக்கல. எந்தப்பு. கழட்டிட்டு ஓட்டுறேன்."

'அண்ணன் கொடுத்தது' என்று அவள் சொல்லவில்லை. எனக்காக அதைச் சொல்ல வேறு ஏற்பாடு இருந்தது.

சுஜா கையுறை போட்டு இரண்டு போல்ட்டையும் கழற்றி, கொதிக்கிற தகட்டைப் புல்லில் போட்டாள். செண்பகவல்லி குனிந்து பார்த்தாள். எங்கள் கடையில் எதை வாங்கினாலும் பெயர் வெட்டித்தான் கொடுப்போம். பழக்க தோஷத்தில் நான் அந்த மூடியிலும் மெஷின் வைத்து வெட்டியிருந்தேன்.

அவள் உரக்கப் படித்தாள். "செல்வி சுஜாவுக்கு அன்புடன் அண்ணன் லிங்கராஜ், சாலை, திருவனந்தபுரம்."

எலிசாள் அக்காவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. பழம் புரையேறிவிட்டது. பத்மகுமார் சார் தண்ணீர் எடுக்க ஓடினார்.

"ஃபோன் நம்பர் இல்லியே. ஏன் அத விட்டிய?" என்று என்னைக் கேட்டாள் செண்பகவல்லி.

"எடம் பத்தல."

பொன்முடி மலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மணி பத்தரை.

மூன்றாவது ஓட்டம். நான் மறுபடியும் ஸ்டெதாஸ்கோப்போடு. மூன்றாவது கியர். மிதி.

நாலாயிரம். திரையில் பூஜ்யம்.

நாலாயிரத்து ஐந்நூறு. பூஜ்யம்! சட்டையைப் பிடித்து இழுக்க ஆள் இல்லை. வண்டி பாய்ந்தது. இதுவரை ஓடியதெல்லாம் நடை. ஐயாயிரம், ஆறாயிரம். விசில் ஊளையாகி, ஊளை அலறலாகி, அந்த அலறலில் நானும் சேர்ந்துகொண்டேன். அன்று வரைக்கும் இப்படி ஒரு சத்தம் என்னிடம் இருந்ததாக எனக்குத் தெரியாது. சுஜா சிரித்துக்கொண்டே, "கேளுண்ணே! கத்தாத, கேளு!" என்று கத்தினாள்.

கேட்டேன். ஆறாயிரத்து எண்ணூறில், எல்லாச் சத்தத்துக்கும் அடியில், தகரம் இல்லாத ஒன்று. கனமான அடி. டொக். டொக்.

"ரெண்டு. உள்ளேருந்து," என்றேன்.

திரையிலும் இரண்டு. சுஜா தலையசைத்தாள். "அது நெசம். இதான் எல்லை."

நின்றதும் லேப்டாப் கணக்குப் போட்டுச் சொன்னது: முந்நூற்று எண்பத்து நாலு ஹார்ஸ்பவர்.

பத்மகுமார் சார் ஓடி வந்தார். "இனி பதினாறு! பதினாறு மாத்ரம்! பூஸ்ட் அல்பம் கூட்டு மோளே."

"கூட்டுனா நானூறு வரும் சார். இன்னைக்கு ஒண்ணும் ஆகாது. ஒரு மாசத்துல பிஸ்டன் போயிரும்."

"ஞான் குரூப்பில் இட்டு போயில்லே?"

"திருத்திப் போடுங்க சார்."

"வேற ஆள் செய்து தரும். அறியுமல்லோ?"

"தரும். சாவி அங்க இருக்கு. எங்கையால போடமாட்டேன்." லேப்டாப்பை மூடிவிட்டாள்.

நாலு மாத வேலை, ஒரே வாடிக்கையாளர், பார்த்துக்கொண்டிருக்கிற எலிசாள் அக்கா. எனக்கு அவள் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது. பதினாறுதானே, போட்டுக் கொடுத்துவிடேன் என்று பத்து நிமிஷத்துக்கு முன்னால் இருந்த லிங்கராஜ் சொல்லியிருப்பான். அவன் அரை மில்லித் தகட்டுக்காரன்.

எலிசாள் அக்கா எழுந்தார். பழத்தோலைப் பையில் போட்டுக்கொண்டு, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வந்தார். "நீ எறங்குப்பா," என்றார் என்னிடம். "பிள்ள, நீ இங்க வா. பக்கத்துல இரி."

கோணல் மணிக்கட்டு கியர் மாற்றும்போது கோணலாகத் தெரியவில்லை. வெளியே நின்று பார்த்தால் அது வேறு வண்டி. கேட்டிலிருந்து ஒரு வெள்ளைப் புள்ளி கிளம்பியது. சத்தம் அப்புறம் வந்தது. எங்களைக் கடந்தபோது செண்பகவல்லியின் புடவைத் தலைப்பு தோளிலிருந்து பறந்து என் முகத்தில் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. என் கையைப் பிடித்திருந்தாள், ரொம்ப இறுக்கமாக.

மூன்று முறை ஓட்டினார். மூன்றாவது முறை நின்றபோது முதல் மழைத்துளி பானெட்டில் விழுந்து ஆவியாயிற்று.

ஸ்டாப் வாட்ச்சை யாருக்கும் காட்டவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"நீ எனக்க டீம்ல இருக்கன்னு வையி. ரேசுக்கு முந்தின நாளு. நானூறு குடுன்னு கேக்கேன். குடுப்பியா?"

"இந்த எஞ்சின்ல, இந்த பெட்ரோல்ல குடுக்கமாட்டேன்."

"நாந்தான் மொதலாளி."

"மொதலாளிக்குத்தான் குடுக்கமாட்டேன்."

எலிசாள் அக்கா தன் இடது மணிக்கட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பண்டு ஒருத்தன் குடுத்தான். கேட்டேன், குடுத்தான். நல்ல பையன், யாருக்கும் இல்லன்னு சொல்லமாட்டான்." கைக்கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டார். "புதன்கெழம கோயம்புத்தூர் வா. மூணு வண்டி, எட்டு மாசம். அங்கதான் தங்கணும். தகடெல்லாம் நானே வாங்கிக்கேன்."

செண்பகவல்லி "கர்த்தாவே!" என்றாள். நாங்கள் முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள். சந்தோஷத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சாமி வந்துவிட்டது. பத்மகுமார் சார்கூட முதலில் கைதட்டிவிட்டு, அப்புறம்தான் தனக்குக் கோபம் என்று நினைவுக்கு வந்து நிறுத்தினார்.

சுஜா மட்டும் சரி என்று சொல்லவில்லை.

"அக்கா, ஒரு ஆள்ட்ட கேக்கணும்."

என்னைத்தான் சொல்கிறாள். அப்பா போனதிலிருந்து அவளுக்கு நான்தானே எல்லாம்? இத்தனைக்குப் பிறகும் என்னைக் கேட்டுத்தான் போவேன் என்கிறாளே! சட்டையை இழுத்துவிட்டேன். மீசையைத் துடைத்தேன். 'போயிட்டு வாம்மா' என்று எந்தக் குரலில் சொல்வது என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "உன்ட்ட இல்லண்ணே."

"ராத்திரி எட்டுக்குள்ள சொல்லு," என்று எலிசாள் அக்கா நாற்காலியை மடக்கினார்.

சுஜா போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் ஃபேக்டரிப் படிக்கட்டுக்கு மழையிலேயே ஓடினாள். ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினாள். முதலில் தலையைக் குனிந்து. அப்புறம் சுவரில் சாய்ந்து, ஒரு காலால் படியைத் தட்டிக்கொண்டே. வாடிக்கையாளரிடமோ, ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரிடமோ யாரும் அப்படிக் காலைத் தட்டிக்கொண்டு பேசுவதில்லை.

"யாருட்டி அது?" என்று செண்பகவல்லியைக் கேட்டேன்.

அவள் வானத்தைப் பார்த்தாள். ரப்பர் மரத்தைப் பார்த்தாள். ஓம்னியின் பின்கதவைத் திறந்து, தட்டில் புட்டைப் போட்டு, அதன் மேல் கடலைக்கறியை ஊற்றி என் கையில் கொடுத்தாள்.

"மொதல்ல சாப்பிடுங்க."

கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் இந்த வார்த்தையை அவள் இந்தக் குரலில் இரண்டே தடவைதான் சொல்லியிருக்கிறாள். ஒன்று, எங்களுக்கு இரட்டைப் பிள்ளை என்று டாக்டர் சொன்ன நாள். இன்னொன்று, அவளுடைய அப்பா கொஞ்ச நாள் நம்மோடு இருக்க வருகிறார் என்று சொன்ன நாள். ஏழு வருஷம் இருந்தார்.

படிக்கட்டில் சுஜா போனைக் காதிலிருந்து எடுக்காமலே என் பக்கம் கை காட்டி, அந்த ஆளிடம் ஏதோ சொல்லி, விழுந்து விழுந்து சிரித்தாள்.

நான் சாப்பிட ஆரம்பித்தேன்.